தறிச் சத்தத்துக்குள் ஒரு பதில்

பள்ளிபாளையத்தில் நான் மேற்பார்வை பார்க்கும் விசைத்தறிக் கூடத்தை ஒன்பது கிலோமீட்டர் தள்ளிப் புது இடத்துக்கு மாற்றலாமா என்று முதலாளியின் மகள் வாட்ஸப் குழுவில் கேட்டாள். பொறுப்பு அவள் கைக்கு வந்து ஐந்து மாதம்தான். "தொழில் எந்தப் பக்கம் போகணும்னு எல்லாரும் சொல்லுங்க" என்று எழுதியிருந்தாள். பதில்களை எண்ணும் வேலை எனக்கு. எதையும் சரிபார்க்காமல் விடாத என் சுபாவம் தெரிந்துதான் கொடுத்தாள்.

தொழிலாளர் நாற்பத்து மூன்று பேர். சனிக்கிழமை மதியத்துக்குள் முப்பத்தொரு 'சரி', பதினோரு 'வேண்டாம்'. மிச்சம் ஒன்று: ஐம்பத்திரண்டு நொடிக் குரல்பதிவு, முழுக்கத் தறிச் சத்தம். நான்கு முறை கேட்டேன். காதில்தான் கோளாறோ என்ற கவலை வேறு.

"கை பட்டிருக்கும், விடுங்க மாமா" என்றாள் மகள்.

விட முடியவில்லை. அனுப்பியவள் நான்கு தறி ஓட்டுகிறவள். கூடத்துக்குள் போய்க் கேட்டேன்.

"அதான் தறிக்கிட்ட நின்னு வெவரமாச் சொல்லிட்டேனுங்களே!"

அப்போதுதான் உறைத்தது. ஓடும் தறிகளுக்கு நடுவே நாங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். எதிரில் நிற்பவருக்குப் புரிவதுபோல் போனுக்கும் புரியும் என்று நினைத்துவிட்டாள்.

"அதுல மொகம் தெரியாது அம்மிணி. வீடியோ எடுக்கறேன், பேசு. தறிய நிறுத்தட்டுமா?"

"ஓடட்டுங்க. சத்தமில்லாட்டி எனக்குப் பேச்சு வராது."

எடுத்து அலுவலக அறைக்குக் கொண்டுபோனேன். மகளுக்கு அசையும் உதடு மட்டும்தான் தெரிந்தது. "என்ன மாமா சொல்றாங்க?"

வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர், எங்கள் முதலாளி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். இருபது வயதில் அவரும் தறி ஓட்டியவர். நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"'ஊட்டுக்காரருக்குக் கையுங்காலும் வரமாட்டேங்குது. மத்தியானம் ஓடிப்போய்ச் சோறு ஊட்டிட்டு வாரேன். அவ்வளவு தூரத்துல இருந்து முடியாதுங்க. ஆனா அங்க மாத்துனா எல்லாருக்கும் நல்லதுங்க. மாத்துங்க. நான் வேலைய விட்டு நின்னுக்கறேன்.'"

அவர் போனைக் கீழே வைக்கவில்லை. "இதுவும் 'சரி'தானுங்களே?" என்று என்னைக் கேட்டார். முப்பத்திரண்டு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மகள் தன் போனை எடுத்தாள். குழுவில் எழுதினாள்: "கொஞ்சம் தறி இங்கயே ஓடட்டும். மத்தியானம் ஊட்டுக்குப் போயே ஆகணும்கறவங்க யார் யாரு?"

வீடியோவில் பேசியவளைத் தவிர இன்னும் ஆறு பேர் சொன்னார்கள். ஆறு பேரும் 'சரி' என்று எழுதியிருந்தவர்கள். ஒவ்வொரு 'சரி'க்கும் நான் கோடு போட்டேனே தவிர, ஒருவரையாவது ஏன் என்று கேட்கவில்லை.

பழைய கூடத்தில் இப்போது இருபத்தெட்டுத் தறி ஓடுகிறது. ஒரு மணிக்கு ஏழு பேர் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். ஏழு பேரும் திரும்பி வந்ததைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை.