உப்போடு கட்டிய சொற்கள்

என் மேசை இழுப்பறையில் ஆறு தாள் துண்டுகள் இருக்கின்றன. ஏதோ ஒரு கடையின் நாட்காட்டித் தாளைச் சதுரமாக வெட்டி, பின்பக்க வெள்ளையில் துண்டுக்கொரு ஆங்கிலச் சொல்லை எழுதி, கறுப்பு நூலால் கட்டியவை. எழுத்துகள் கொஞ்சம் பெரியவை, கவனமானவை. ஐந்து துண்டுகளில் என் சிவப்புப் பேனாவின் பிழைக்குறி இருக்கிறது.

அவற்றை எழுதியவர் பிள்ளைக்காம்பரா அக்கா. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தார். ஹட்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நான் பெரியவர்களுக்கு நடத்திய ஆங்கில வகுப்புக்கு இரண்டு பஸ் மாறி வருவார். மற்றவர்கள் எல்லோரும் டவுன் ஆட்கள், கடைவீதிக் குடும்பத்துப் பெண்களும் அலுவலகப் பையன்களும். அக்கா வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். பிள்ளைக்காம்பராவின் பொறுப்பாளர் வேலை காலியாகப் போகிறது, நேர்முகத்தில் கொஞ்சம் ஆங்கிலமும் கேட்பார்கள். "பதினெட்டு வருசமா புள்ளைங்கள பாக்குறேன் டீச்சர். இந்த இங்கிலீசு வரலன்னா வெளியிலருந்து ஒரு ஆள போட்டுருவாங்க," என்றார்.

நான் கண்டிக்காரி என்று வகுப்பில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நினைக்கும்படி நான்தான் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் பிறந்தது அக்காவின் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில். அவர் ஆயாவாகும் முன் என் அம்மாவும் அவரும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தவர்கள். முதல் நாள் அவர் மண்டபத்துக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரோ என்னை முன்பின் பார்த்திராதவர் போலக் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி, "நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன் பாப்பா. நீங்க பாட்டுக்குப் படிச்சுக் குடுங்க," என்றார். எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட உறவு பார்த்துப் படிப்பது நல்லது என்று நான் அடிக்கடி சொல்வேன். சமையலறைச் சொற்கள், குளியலறைச் சொற்கள், உயிரினங்கள், தொழில்கள் என்று. ஒருநாள் இருபது சொற்களைக் கொடுத்து, துண்டு துண்டாக எழுதிக் குடும்பம் குடும்பமாகக் கட்டி வரச் சொன்னேன். அடுத்த வாரம் அக்காவின் கட்டுகளில் ஒன்றை எடுத்து உரக்க வாசித்தேன். சால்ட், சோப், லீச், ரெய்ன், லெக். உப்பு, சவர்க்காரம், அட்டைப்பூச்சி, மழை, கால்.

ஒரு பெண், "உப்பையும் சோப்பையும் போட்டு அட்டைப்பூச்சிக் கறியா டீச்சர்?" என்று கேட்க, மண்டபமே சிரித்தது. அக்கா எழுந்து நின்று, "இல்லங்க, மழ நாள்ல மலைக்குப் போறப்ப..." என்று தொடங்கினார்.

அவர் சொல்லி முடிக்கத் தேவையே இல்லை. மழைக்காலக் காலைகளில், ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் முன், அட்டை ஏறாமலிருக்க அம்மா கால் முழுக்கச் சவர்க்காரம் பூசிக்கொள்வாள், ஏறிவிட்டால் தேய்த்து விழவைக்க உப்பைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அந்த முடிச்சைக் கட்டிக் கொடுப்பது சின்ன வயதில் என் வேலை. ஆனால் அதற்குள் என் விரல் ஆறாவது துண்டுக்குப் போய்விட்டது. அதில் 'டீச்சர்' என்று எழுதியிருந்தது. டாக்டர், டிரைவரோடு இருக்க வேண்டிய சொல்லை அக்கா உப்போடும் மழையோடும் சேர்த்துக் கட்டியிருந்தார். ஏன் என்று யாராவது கேட்டால்? அந்தத் துண்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். "சந்தைச் சாமான் பையைக் கொட்டின மாதிரி இருக்குதே அக்கா," என்று சொல்லி, ஐந்துக்கும் பிழைக்குறி போட்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "டீச்சரம்மாவும் அப்படித்தானே வளர்ந்தீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரிங்க டீச்சர்," என்று உட்கார்ந்துவிட்டார். போகும்போது துண்டுகளை எடுத்துப் போகவில்லை. பிறகு வகுப்புக்கும் வரவில்லை. நேர்முகத்துக்கும் போகவில்லை என்று ஊர்ப்பக்கத்து உறவுக்காரர் ஒருவர் சொல்லி அறிந்தேன். வெளியிலிருந்து ஒரு இளம்பெண் பொறுப்பாளராக வந்தாராம், அக்கா அவருக்குக் கீழே அதே ஆயாவாக இருக்கிறாராம். ஒரு பஸ் ஏறிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பரீட்சை, மழை, காய்ச்சல் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லி ஆறு வருடத்தை ஓட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் ஹட்டன் பஸ் நிலையத்தில், உடன் வேலை செய்யும் ஆசிரியை ஒருவரோடு நின்றிருந்தேன். எதிரே அக்கா வந்தார். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவரையும் பார்த்தார். "வணக்கம் டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று அந்நியரைக் கேட்பது போலக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அந்த ரகசியத்தை இன்னும் எனக்காகக் காத்துவருகிறார்.

"யாருங்க அவங்க?" என்று உடன் நின்றவர் கேட்டார்.

"முன்னால கிளாசுக்கு வந்தவங்க," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து நூலை அவிழ்த்தேன். பிழைக்குறி போட்ட ஐந்தும் ஒன்றுக்கொன்று உறவானவைதான். குறியே படாமல் தப்பித்த ஆறாவதை, அந்த 'டீச்சர்' துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டில் அக்கா செய்த பிழை அது ஒன்றுதான்.