கார்டு இல்லாமல் எடுத்த ரிவர்ஸ்

ஸ்ரீரங்கத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு கல்யாணத்துக்காகக் காரில் கிளம்பினோம். அரியமங்கலம் நெரிசலிலேயே நேரமாகிவிட்டது. என் கணவர் ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர்; தாமதம் என்றாலே அவருக்கு ஆகாது. டோல்கேட்டில் காலியாக இருந்த ஃபாஸ்டேக் பாதையில் வண்டியை விட்டார். தடுப்புக் கம்பி எழும்பவே இல்லை.

காரணம் நான்தான். ஆயுத பூஜையன்று முன்கண்ணாடியில் பளபளவென்று ஒரு தகட்டு நாமத்தை ஒட்டினேன். அது சரியாக டேக்கை மறைத்துக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் இருங்க சார், கையில வச்சுப் படிக்கிற மிஷினை எடுத்துட்டு வரேன்” என்றார் ஊழியர்.

என் கணவருக்குப் பொறுமை இல்லை. “பக்கத்து லைன்ல போயிடலாம்” என்றபடி கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் வண்டி எதுவும் இல்லை. ரிவர்ஸ் போட்டார். டிக்கியில் யாரோ ஓங்கி அறைந்தார்கள்.

“நிறுத்துங்க! புள்ள இருக்கு!”

வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பெண். அவளுடைய சின்ன மகள் எங்கள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, சிந்திய பிஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இவர் இன்ஜினை அணைத்துவிட்டார். “சர்வீஸ்ல இருந்தவரைக்கும் கடைசிப் பெட்டியில இருந்து கார்டு கொடி காட்டாம ரயிலைப் பின்னாடி நகர்த்தினதே இல்லை” என்றார்.

நாமம் இப்போது பூஜை அறையில் இருக்கிறது. எங்கள் தெருவில்கூட நான் இறங்கிப் பின்னால் நின்று கையசைத்த பிறகுதான் இவர் ரிவர்ஸ் எடுக்கிறார். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். கண்ணாடியில் தெரியாத அளவுக்குத் தாழ்வாக அந்தக் குழந்தை குனிந்திருந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்