கராஜ் வீடு இல்லை

கராஜ் வீட்டில் சேர்த்தியா இல்லையா என்று வளர்ந்த இரண்டு பேர் நான்கு நாட்கள் வாதாடியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவர் என் அப்பா, மற்றவர் அம்மா. இருவரும் படித்தவர்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கே விடை தெரிந்திருந்தது. கார் நிற்கும் இடம் கராஜ், ஆட்கள் இருக்கும் இடம் வீடு. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்கு நாளும் மிச்சம்.

அப்பா யூதர், ரொறன்ரோவிலேயே பிறந்து வளர்ந்தவர். அம்மா யாழ்ப்பாணத்துச் சைவம். அதே நகரத்தின் பார்க்டேல் பகுதியில் ஒற்றை அறை ஒன்றில் தன் அண்ணனோடு அகதியாக வந்து இருந்தவர். இப்படி இரண்டு பேர் கல்யாணம் செய்தால் பிள்ளைக்கு இரண்டு பங்கு பண்டிகை, இரண்டு பங்கு பலகாரம் என்று வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பொறாமைப்பட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்குக் கிடைத்தது இரண்டு பங்கு 'கூடாது'. மாடு அம்மாவுக்குக் கூடாது. பன்றி அப்பாவுக்குக் கூடாது. வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கூடாது. பள்ளிக்கூடத்தில் பீட்சா நாள் வந்தால் அந்தப் படிவத்தில் எந்தப் பெட்டிக்குள் சரி போடுவது என்று தெரியாமல், கடைசியில் வெறும் சீஸ் பீட்சாவையே ஆறு வருடம் தின்று தீர்த்தேன்.

நான் சொல்லவந்த வருடத்தில்தான் அப்பப்பா, அதாவது அப்பாவின் அப்பா, முதல் தடவையாகப் பெசாக்குக்கு எங்களோடு வந்து தங்கினார். பெசாக் என்பது யூதர்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுபட்டதை நினைக்கும் எட்டு நாள் பண்டிகை. அவசரமாகப் புறப்பட்டதில் மா புளிக்க நேரமில்லையாம். ஆகவே அந்த எட்டு நாளும் பாண் கூடாது. மட்சா என்ற புளிக்காத தட்டை ரொட்டிதான். மற்ற வருடங்களில் அப்பப்பா தன் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த மகள், என் அப்பாவின் தங்கை, ஒரு யப்பானியரை மணந்தவர். அந்த மாரிகாலத்தில் அவர்கள் வன்கூவருக்குக் குடிபெயர்ந்துவிட, அப்பப்பா ஒரு சூட்கேசும், தன்னுடைய கோப்பை தட்டுகள் அடுக்கிய பெட்டியுமாக ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

பாண் இல்லாததை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அப்பாவின் முன்னோர்கள் அதோடு நிற்காமல் அரிசியையும் பருப்பையும் சேர்த்துத் தள்ளிவைத்திருந்தார்கள். அப்பா வழக்கமாக இதையெல்லாம் பெரிதாகப் பார்க்கிறவர் அல்ல. முதல் இரண்டு நாள் மட்சாவைக் கடித்துவிட்டு மூன்றாம் நாள் அம்மாவின் இடியப்பத்துக்கு வந்துவிடுவார். தகப்பன் வருகிறார் என்றதும் அவருக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. கூடாதவற்றின் பட்டியல் ஒன்றைக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டினார். அரிசி, பருப்பு, பயறு, உளுந்து, கடலை, எள்ளு, கடுகு. அம்மா அதை மேலிருந்து கீழே வாசித்தார்.

"உப்பையும் தண்ணியையும் விட்டு வைச்சிருக்கினம். பெரிய புண்ணியம்" என்றார்.

அம்மாவின் அலுமாரிகளை அப்பா நீலநிற ரேப்பால், பெயின்ற் அடிக்கிறவர்கள் பாவிக்கும் ஒட்டுநாடாவால், ஒட்டி மூடினார். அரிசி மூட்டை கராஜுக்குப் போனது. இத்தோடு முடிந்திருந்தால் எட்டு நாளும் உருளைக்கிழங்கோடு ஒருவாறு கழிந்திருக்கும். ஆனால் அந்த வருடம் பெசாக்கின் நடுவில் சித்திரை வருசப்பிறப்பு வந்து விழுந்தது. அதற்குமேல், வருசப்பிறப்பன்று மாமா வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

மாமா அம்மாவின் அண்ணன். கோயிலிலோ கடையிலோ கண்டால் என் தலையைத் தடவி, கைக்குள் டொஃபி வைப்பார். அம்மாவிடம் சுகம் விசாரிப்பார். ஆனால் எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. சில மாமாக்கள் வருவார்கள், சில மாமாக்கள் வரமாட்டார்கள், இவர் வராத வகை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா அப்பாவைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன அன்று, "உன்ரை வாசற்படி மிதிக்கமாட்டன்" என்று அவர் சொல்லியிருந்ததும், சொன்ன சொல்லைப் பத்து வருடம் விடாமல் காப்பாற்றியதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. தொலைபேசியில் அவர் வருகிறேன் என்றதும் அம்மா புதிதாக ஆறு தேநீர்க் கோப்பைகள் வாங்கினார். ஒரு மாமாவுக்கு எதற்கு ஆறு கோப்பை என்று நான் கேட்டேன். பேசாமல் இரு என்றார்.

வருசப்பிறப்பென்றால் பால் பொங்கவேண்டும். பத்து வருடம் கழித்து வரும் அண்ணனுக்கு உருளைக்கிழங்கு அவித்து வைக்க முடியாது. குசினியில் ஒரேயொரு பானை, ஒரு மணித்தியாலம் என்றார் அம்மா. தன் தகப்பன் மட்சா சாப்பிடும் வீட்டில் அரிசி வேகக்கூடாது என்றார் அப்பா. அவரிடமே கேட்டுப் பாருங்கள் என்று அம்மா சொன்னதற்கு, கேட்டால் பரவாயில்லை என்றுதான் சொல்வார், சொல்லிவிட்டு மனதுக்குள் நோவார் என்று அப்பா மறுத்துவிட்டார். பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கராஜில் பொங்கினால் என்ன? அது வீடு இல்லையே.

அம்மாவுக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். அப்பாவுக்குப் பாதி விளங்கும். "அப்ப ஏன் போன மாரிக்கு அங்கை ஹீற்றர் பூட்டினனீங்கள்? ரோட்டுக்கோ பூட்டினனீங்கள்?" என்று கேட்டார். அப்பா கராஜுக்கும் வீட்டுக்கும் இடையில் இருந்த கதவைத் திறந்து திறந்து மூடிக் காட்டி, இது வேறு அது வேறு என்றார். நான் வீட்டுப்பாடம் செய்ய இடமில்லாமல் மாடிப்படியில் இருந்து செய்தேன். நான்காம் நாள் அம்மா விட்டுக்கொடுத்தார். ஊரிலும் முற்றத்தில்தானே பொங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கராஜில் பொங்கிச் சாப்பிடுவது, பிறகு அண்ணனை உள்ளே கூட்டிவந்து கூடத்தில் இருத்தித் தேத்தண்ணி கொடுப்பது என்று முடிவாயிற்று. தேத்தண்ணிக்கு எந்தத் தடையும் பட்டியலில் இல்லை.

வருசப்பிறப்பன்று விடியவே என் தலையில் மூலிகை அவித்த மருத்துநீர் வைத்து முழுக வார்த்து, பட்டுப் பாவாடை உடுத்தி, அதற்குமேல் பனிக்கால ஜக்கெட்டையும் மாட்டிவிட்டார்கள். முன்வாசற்படியில் அம்மா என்னுடைய சோக்கட்டியால் கோலம் போட்டார், அரிசிமாவும் கூடாதல்லவா. கராஜின் பெரிய கதவைத் தூக்கிவிட்டு, வாயிலில் பார்பிக்கியூ அடுப்பை வைத்தார்கள். எனக்குத் தரப்பட்ட வேலை, அப்பப்பாவை முன்னறையிலிருந்து அசையவிடாமல் வைத்திருப்பது. அவர் வாசித்துக்கொண்டிருந்தார், அசைகிற எண்ணமே அவருக்கு இல்லை. ஆனாலும் அரைமணி நேரம் அவரிடம் தேவையில்லாத கேள்விகள் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

மாமாவின் கார் வந்த சத்தம் கேட்டு நான் கராஜ் வழியாக வெளியே ஓடினேன். அம்மா முந்திரிப்பருப்பு எடுக்க உள்ளே போயிருந்தார், அப்பா கதிரை தேடப் பின்வளவுக்குப் போயிருந்தார். மாமா கோட்டும் சப்பாத்துமாக, கையில் வாழைப்பழச் சீப்போடு, எங்கள் முன்வாசலைப் பார்த்தபடி நின்றார். பிறகு அந்தப் பக்கம் நடந்தார். கோலத்துக்கு இரண்டடி முன்னால் மறுபடி நின்று, வாழைப்பழத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

முன்வாசலால் போனால் முன்னறையில் அப்பப்பா இருக்கிறார். எல்லாம் குழம்பிவிடும். "மாமா, அங்கை இல்லை! இஞ்சை வாங்கோ!" என்று கத்தினேன்.

"ஏன் பிள்ளை, உங்கை கராஜுக்கை என்ன?" என்று கேட்டார்.

பட்டியல், ரேப், அப்பப்பா, அரிசி மூட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "கராஜ் வீடு இல்லை மாமா. அம்மாவும் அப்பாவும் ஃபோர் டேய்ஸ் டிஸ்கஸ் பண்ணித்தான் டிசைட் பண்ணினவை."

"வடிவாத் தெரியுமோ? இது வீடு இல்லையோ?"

"ஷுவர், மாமா."

அவர் முன்வாசலை இன்னொருமுறை பார்த்தார். பிறகு "அப்ப நல்லது" என்று சொல்லிவிட்டு என் பின்னால் வந்தார். அவருடைய முகம் இலேசாகிவிட்டதை நான் கவனித்தேன். இவ்வளவு தெளிவாக ஒருவருக்கு விளங்கப்படுத்தினால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பால் பொங்கிய நேரம் மாமாவும் அம்மாவும் ஒரே குரலில் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார்கள். அப்பாவும் ஏதோ கத்தினார். பனிக்கால ரயர்களுக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து மாமா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பார்க்டேலில் குளிருக்கு ஒரே போர்வையை இழுபறிப்பட்ட கதையை அவர் சொல்ல, அம்மா கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார்.

"அண்ணை, உள்ளை வாங்கோ. தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன்."

"இஞ்சை நல்ல காத்து, பிள்ளை. இஞ்சையே கொண்டு வா."

ரொறன்ரோவின் ஏப்ரல் காற்றை நல்ல காற்று என்று சொன்ன ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும். அம்மா மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் குரல் மெதுவாகிவிட்டது. பிறகு புதுக் கோப்பையில் தேத்தண்ணி கராஜுக்கு வந்தது. மாமா குடித்தார், என் கையில் புது டொலர்த் தாள் ஒன்றை வைத்து மூடினார், போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசப்பிறப்புக்கும் அவர் தவறாமல் வந்தார். கராஜுக்கு.

அம்மா குசினியில் பானையைக் கழுவாமல், தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றபோது அப்பப்பா உள்ளே வந்தார். என்ன அருமையான வாசம், சோறா என்று கேட்டார். அப்பா தடுமாறித் தடுமாறி உண்மையைச் சொன்னார். அப்பப்பா சிரித்தார். மகள் வீட்டில் யப்பானிய மருமகனின் சோற்றுப்பானை எட்டு நாளும் ஓயாது, தான் தின்பதில்லை, மற்றவர்கள் தின்பதில் தனக்கென்ன வந்தது என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, இது உன் குசினி அல்லவா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். அப்பா நிலத்தைப் பார்த்தார். அம்மா தண்ணீரை நிறுத்தினார். நான்கு நாள் சண்டை, மாடிப்படி வீட்டுப்பாடம், ரேப், எல்லாம் வீண்! எனக்கு வந்த எரிச்சலில் அந்தப் பட்டியலைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். ஒருவரும் என்னை ஏசவில்லை.

அப்பாவும் அப்பப்பாவும் போனபின் அம்மா என்னைப் பார்த்தார்.

"மாமா காராலை இறங்கின உடனை எந்தப் பக்கம் வந்தவர்?"

"ஃப்ரன்ற் டோருக்குத்தான் போகப் பாத்தவர். கோலத்தடி மட்டும் போனவர். நான்தான் கூப்பிட்டனான். இஞ்சை வாங்கோ, இது வீடு இல்லையெண்டு வடிவா விளங்கப்படுத்தினனான்."

அம்மா கையைத் துடைக்காமல் அப்படியே நின்றார். நான் காத்துக்கொண்டிருந்தேன். அப்பப்பாவின் நோன்பு கெடவில்லை, பாலும் பொங்கியது, மாமாவும் வயிறாரச் சாப்பிட்டுப் போனார். அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு காரியத்தையாவது குழப்பமில்லாமல் செய்தவள் நான்தான். அம்மா அதைச் சொல்லி என்னை மெச்சுவார் என்று நினைத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.