செலின் டீச்சர் சொல்லிக்கொடுக்காத பதில்

செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பு தொடங்கும் முன் முத்தம்மாள் வாசலில் வந்து நின்றார். முதலியார்பேட்டையில் மில் வேலை பார்ப்பவர், டீச்சரின் மாணவி. "சார், செலின் டீச்சர் போய்ட்டாங்க. காலையில கஞ்சி குடிச்சிட்டு நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாங்க" என்றார்.

இந்த அஞ்சலிக் கூட்டத்தில், அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஆனால் ஒரு விஷயம் உங்களில் பலருக்குத் தெரியாது. செலின் அக்காவும் நானும் ஒரே மொழிச் சங்கத்தில், அடுத்தடுத்த அறைகளில் பிரெஞ்சு கற்பித்தோம். சங்கத்தை நடத்துவது பிரெஞ்சு அரசு. ஐம்பத்து நான்கில் நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. மொழியும் இறங்கிவிடக் கூடாதே என்பது பாரீசின் கவலை. அதற்காகவே இலவச மாலை வகுப்பு, வழவழப்பான பாடப்புத்தகம், சுவரெல்லாம் திராட்சைத் தோட்டப் படங்கள். நான் புத்தகத்தை விட்டு அங்குலம் நகர மாட்டேன். அக்கா அப்படியா? பாலாடைக்கட்டிப் பாடம் வந்த அன்று, "வாசனைக்குக் கருவாட்ட நெனச்சிக்குங்க, ருசி ஆண்டவன் விட்ட வழி" என்றார். அங்கே எழுந்த சிரிப்பு என் அறைவரை கேட்டது. பொறாமையாக இருந்தது.

பிரெஞ்சை அவர் வெறுத்தவர் அல்லர். "பாஷை மேல எனக்கு என்னா கோவம்? நம்ம ஆளுங்கள பொம்மையாக்காத வரைக்கும் சரி" என்பார்.

ஐந்து வருடம் முன்பு, வகுப்புகளைச் சோதிக்க பாரீசிலிருந்து ஒரு பார்வையாளர் வந்தார். ஏன் பிரெஞ்சு படிக்கிறீர்கள் என்று மாணவர்களைக் கேட்பாராம். "பிரான்சை நேசிப்பதால்" என்று எல்லோரும் சொல்லவேண்டும், உருப்போட வையுங்கள் என்றார் சங்கச் செயலாளர். மறுத்தால் வேலை போகும் என்பது அவர் சொல்லாமலே புரிந்தது. நான் ஒரு வாரம் உருப்போட வைத்தேன். அக்காவிடமும் கெஞ்சினேன்.

"ஒரு வரிதானே அக்கா, சொல்லிக்குடுத்துடுங்களேன்."

"பாடத்த நான் குடுப்பேன் தம்பி. காரணத்த அவங்கதான் குடுக்கணும்."

என் வகுப்பு அழகாக ஒப்பித்தது. பார்வையாளரோடு நானும் பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே முத்தம்மாள் எழுந்தார். திக்கித் திக்கி, பிரெஞ்சிலேயே சொன்னார்: "மில்லில் என் கணவருக்குக் கை நசுங்கியது. பிரெஞ்சுத் தாளில் கைநாட்டு வாங்கினார்கள். தவறு அவருடையது என்று அதில் எழுதியிருந்ததாம். இனி நான் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

பார்வையாளர் அக்காவிடம், "இதை நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா?" என்றார்.

"வினைச்சொற்களை மட்டும், ஐயா."

அடுத்த பருவத்தின் ஆசிரியர் பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை. நான் வாயே திறக்கவில்லை. இன்றும் வெட்கமாக இருக்கிறது. பிடிவாதக்காரி, யாரிடமும் முறையிடவில்லை. தன் வீட்டுக் கூடத்திலேயே மில் பெண்களுக்கு வகுப்பு நடத்தினார். என்னைத் தெருவில் பார்த்தால், "சாப்டியா தம்பி?" என்று மட்டும் கேட்பார்.

அடுத்த வாரம் மறுபடி ஒரு பார்வையாளர் வருகிறார். செயலாளர் அதே வரியைத் தாளில் எழுதித் தந்திருக்கிறார். நேற்று வகுப்பில் அதை நான் வாசிக்கவில்லை. "கேட்டால், உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள்" என்றேன். இதனால் என் வேலை போகலாம். ஆனாலும் அக்கா எனக்கு விட்டுச்சென்றது இதுதான். ஐந்து வருடம் தாமதமாக எடுத்துக்கொள்கிறேன்.