பொட்டு வைத்த புரோகிராம்

மதுரைக்கு வெளியே, திருமங்கலம் சாலையில் இருந்த அந்த நூற்பாலையில் ஒரு புரோகிராமின் தரத்தைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் சொல்வார்கள். சத்தியமாக. மடிப்பு மடிப்பாக அச்சடித்த தாள்கட்டை மேனேஜர் இரண்டு கைகளிலும் ஏந்தி, "நல்லா கனமா இருக்குய்யா" என்றால் எழுதியவர் கெட்டிக்காரர். எண்பதுகளின் நடுவில், செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைய வேண்டிய அந்தக் கம்ப்யூட்டர் அறையில் நான் தற்காலிக வேலையில் இருந்தேன். ஆயுத பூஜை முடிந்ததும் நிரந்தரமாக்குவதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். இல்லை என்றால் டி. கல்லுப்பட்டியில் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குச் சரி சொல்ல வேண்டும். அப்பாவோடு அப்படித்தான் பேச்சு.

அங்கே கனமான புரோகிராமுக்குச் சொந்தக்காரர் என் சீனியர். எல்லோருக்கும் அவர் அண்ணே. யாருக்கு எந்த ஷிப்ட், எந்த மிஷின் என்று தினமும் பட்டியல் போடும் புரோகிராம் அது. வாசிக்க உட்கார்ந்தால் மூன்றாம் தாளில் 'அங்கே போ' என்று ஒரு கட்டளை இருக்கும். போனால் அது கடைசித் தாளுக்கு விரட்டும். அங்கிருந்து மறுபடி நடுவில் கொண்டுவந்து தள்ளும். ஆரப்பாளையத்தில் தப்பான பஸ் ஏறியவன்கூட இந்த அலைச்சல் அலைய மாட்டான். கேட்டால், "அது அப்பிடித்தான் தங்கச்சி. எனக்குப் புரியுதுல்ல, போதும்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை அடியோடு வெறுத்தேன். வேறு யாருக்கும் புரியாமல் இருப்பதில்தான் அவர் பிழைப்பே இருந்தது.

சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, 'இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்று வழி பிரியும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைத்தேன். சில தாள்கள் அம்மை போட்ட மாதிரி ஆயின. ஒரு பகுதியில் ஒரு கை விரல்களுக்கு மேல் புள்ளி விழுந்தால் அதை உடைப்பது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். உடைத்த ஒவ்வொரு துண்டுக்கும் அது செய்யும் வேலையையே பெயராக வைத்தேன். ஒரே விஷயத்தை நாலு இடத்தில் சொல்லியிருந்ததை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தேன். முழுப் புரோகிராமையும் அப்படித் திருப்பி எழுதி முடித்தபோது கட்டு மெலிந்து போயிருந்தது.

மேனேஜர் அதைத் தூக்கிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா? இத்தனை மாசமா இருக்கிறதக் குறைச்சுக்கிட்டா இருந்த?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

பூஜையன்று கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் சந்தனம் பூசினார்கள். அண்ணனின் கட்டு சாமி படத்துக்கு முன்னால் பொட்டும் பூவுமாக ஏறி உட்கார்ந்தது. என்னுடையதைக் கொண்டுபோனபோது மேனேஜர் முகம் சுளித்தார். "இதப் போயி சாமி முன்னாடி வைக்கவா?" என் மேஜைக்கே திரும்பி வந்தது.

பொரியும் சுண்டலும் தின்று முடித்து, மறுநாள் காலை ஷிப்டுக்குப் பட்டியல் எடுத்தால், அன்று இரவு வேலை பார்க்கும் ஆட்களையே காலையிலும் போட்டிருந்தது. பாதி மிஷின்களுக்கு ஆளே இல்லை. விடுமுறைக்காக அண்ணன் முந்தின நாள்தான் எதையோ உள்ளே செருகியிருந்தார். எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. திரையில் மேலும் கீழும் தேடி வேர்த்துப் போய், "சார், அந்தக் கட்ட எடுத்துத் தாங்க" என்றார்.

"பூஜையில வச்சத நாளைக்குக் காலைல வரைக்கும் தொடக் கூடாதுய்யா" என்றார் மேனேஜர். அச்சடித்துக்கொள்ளலாமே என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பருமனை அச்சடித்து முடிப்பதற்குள் அடுத்த ஆயுத பூஜை வந்துவிடும். எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. சாமிக்கு நன்றி சொன்னேன்.

என்னுடையதை ஓட்டினோம். அதிலும் விடுமுறைக் கணக்கு உதைத்தது. ஆனால் அது எந்தத் துண்டில் இருக்கிறது என்று பெயரே சொன்னது. மேஜையில் கிடந்த தாளைப் பிரித்து, ஒரு வரியைத் திருத்தினேன். சாயங்கால பஸ் கிளம்பும் முன் பட்டியல் ஆலை வாசலுக்குப் போய்விட்டது. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுவாரம் மேனேஜர் கூப்பிட்டார். நிரந்தரம்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"உன் புரோகிராம யாரு வேணும்னாலும் வாசிக்கலாமாம்ல?"

"ஆமா சார். அதுக்குத்தான் அப்படி எழுதினேன்."

"அண்ணனோடது அவரில்லாட்டி நின்னு போகும். அவர விட முடியாது. ஒன்னோடத அவரே பாத்துக்குவாரு. அப்புறம் ஒன்ன எதுக்கும்மா நிரந்தரமாக்கணும்?"

கோபமாகக்கூட கேட்கவில்லை அந்த ஆள். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதற்காகவே அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டி. கல்லுப்பட்டியிலிருந்து பூவும் பழமுமாக வந்து இறங்கினார்கள். நான் போன பிறகும் ஆலையில் பல வருஷம் என் புரோகிராம்தான் ஓடியது என்று கேள்விப்பட்டேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குப் பொட்டு வைத்தாராம் அண்ணன்.