கூப்பிட்டால் முனகும் கிடார்

போன மாதம் ஒரு கிடார் வாங்கக் கிளம்பினேன். அதைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

ஐம்பத்து மூன்று வயதில் கிடார் எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மகன் கல்லூரியில் படிக்கும்போது வாங்கி, வேலை கிடைத்ததும் என் தலையில் கட்டிவிட்டுப் போனது. பெரிய பாடி. எல்லாக் கம்பிகளையும் சேர்த்து ஸ்ட்ரம்மிங் அடித்தால் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். ஆனால் எனக்கோ விரல்களால் ஒவ்வொரு கம்பியாக மீட்டும் ஃபிங்கர்ஸ்டைல் மேல் ஆசை வந்துவிட்டது. அந்தக் கிடாரில் ஒரு கம்பியைத் தொட்டால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து வருகிறது... என் விரல் தடிமன் அப்படி!

ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த கடைக்காரரிடம் போனேன். மெல்லவும் வாசிக்க வேண்டும், ஓங்கியும் அடிக்க வேண்டும், ஒரே கிடாரில் முடியுமா என்றேன்.

"ஸ்ட்ரம்மிங்குக்குப் பெரிய பாடி வேணும் சார். ஃபிங்கர்ஸ்டைலுக்குச் சின்ன பாடி. கழுத்து கொஞ்சம் அகலமா இருந்தாத்தான் விரல் போயி வரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சைஸு இருக்கு. இப்ப ஸ்டாக் இல்ல" என்றவர், சற்று யோசித்தார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒண்ணு விலைக்கு இருக்கு. நான் வித்ததுதான். வாங்குனவரு கிருஷ்ணன்கோவில்ல காலேஜ் பஸ் ஓட்டுனாரு. சர்ச்ல ஸ்ட்ரம்மிங், வீட்டுல ஃபிங்கர்ஸ்டைல். எட்டு மாசம் முன்னாடி நெஞ்சு வலியில போயிட்டாரு. வீட்டம்மா விக்காங்க. நாலு பேரப் போகச் சொன்னேன், ஒருத்தரும் வாங்கல."

ஏன் என்று கேட்டேன்.

"அந்தம்மா உக்காரச் சொல்லுதாங்களாம். பொறவு ஒண்ணும் பேசாம காதத் தீட்டிக்கிட்டு இருக்காங்களாம். வெலயே சொல்ல மாட்டேங்காங்களாம்."

இப்படிச் சொன்னால் எவனாவது சும்மா இருப்பானா? மறுநாள் மதியம் இரண்டரை மணிக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தேன்.

அந்த வீட்டம்மாவைக் கிரேஸ் என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஹாலில் தையல் மிஷின், சுற்றிலும் தைத்து மடித்த ஜாக்கெட்டுகள். எதிர்ச் சுவரில் ஆணியில் அந்தக் கிடார். வாசலிலேயே அவருடைய தம்பி என்னை மறித்தார். கான்சாபுரத்தில் விவசாயம் பார்ப்பவர்.

"சார், பேரம் பேசாம எடுத்துட்டுப் போயிருங்க. அது இங்க இருக்கிற வரைக்கும் அக்கா தெளிய மாட்டா. அத்தான் அதுக்குள்ள இருந்து பதில் சொல்லுதாருங்கா. நான் இன்னைக்கு வீட்டப் பூட்டி, இவள ஊருக்குக் கூட்டிட்டுப் போலாம்னுதான் வந்தேன். நாளைக்கு மதுரையில டாக்டர்கிட்ட காட்டணும்."

கிரேஸ் உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன். அவர் பேசவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஓடியது. எனக்குப் புரிந்தது... இந்த அம்மா கிடாரை விற்கக் கூப்பிடவில்லை. சாட்சிக்குத்தான் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.

மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. வெளியே சுள்ளென்ற வெயில். பட்டப்பகலுக்கு இவ்வளவு அமைதி கூடாது.

"டீ போடட்டுமா சார்?" என்றார் கிரேஸ்.

சுவரில் ஏதோ முனகியது.

வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்..." என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டு விநாடி. அடங்கிவிட்டது. என் பிடரி முடி நட்டுக்கொண்டது. அறையில் நாங்கள் மூன்றே பேர். கிடாருக்குப் பக்கத்தில் யாருமில்லை.

"கேட்டுச்சா?" என்றார், என் முகத்தையே பார்த்து. மறுபடியும் அந்த முனகல்.

"கேட்டதும்மா" என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். தம்பியோ, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார்" என்றார். டிராக்டரில் காலம் தள்ளிய காது... அதைக் குறை சொல்ல முடியாது.

இங்கேதான் எனக்குள் இருக்கும் அதிகப்பிரசங்கி விழித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் ஞாபகம் வந்தது. ஒரு கம்பியின் சுருதிக்குப் பொருந்துகிற சத்தம் எங்கிருந்து வந்தாலும் அந்தக் கம்பி தானே அதிரும். பேயுமில்லை, ஆவியுமில்லை. கிடாரை இறக்கி மேஜையில் கிடத்தினேன். காகிதத்தைக் கடுகளவு கிழித்து, மடித்து, மூன்றாவது கம்பியின் மேல் குதிரை ஏற்றிவிட்ட மாதிரி வைத்தேன். தம்பியைக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

"ஏதாவது பேசுங்கம்மா."

கிரேஸ் கிடாரின் பக்கம் குனிந்தார். "ஏங்க..." என்று கூப்பிட்டார்.

காகிதம் துள்ளி விழுந்தது.

தம்பி ஓரடி பின்னால் போனார். "ஆவி இல்லங்க. உங்க அக்கா குரலும் இந்தக் கம்பியும் ஒரே சுருதி. அவ்வளவுதான்" என்று விளக்கினேன். அவர் தானே காகிதத்தை எடுத்து வைத்து, மூன்று முறை அக்காவைப் பேசச் சொல்லிப் பார்த்தார். மூன்று முறையும் விழுந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அக்காவுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "இல்லவே இல்ல" என்றேன் நான், நோபல் பரிசு வாங்கியவன் மாதிரி. டாக்டரும் வேண்டாம், வீட்டைப் பூட்டவும் வேண்டாம் என்றாகிவிட்டது. அந்த வீட்டில் அப்போது என்னைவிடக் கெட்டிக்காரன் யாருமில்லை.

சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று கிடாரை மடியில் வைத்தேன். கழுத்து கைக்கு இதமாக இருந்தது. நான் தேடிய அதே சைஸ். பழைய கிடார் வாங்குகிறவர்கள் ட்யூன் செய்து பார்க்காமல் வாங்கக் கூடாது. சட்டைப் பையில் இருந்த ட்யூனர் கிளிப்பை எடுத்து அதன் தலையில் மாட்டினேன். சுருதி விலகியிருந்தால் சிவப்பு எரியும். சரியாக இருந்தால் பச்சை.

முதல் கம்பி பச்சை.

இரண்டாவதும் பச்சை. மூன்றாவது, நான்காவது... ஆறும் பச்சை. ட்யூனரின் முள் நடுவிலிருந்து ஒரு இம்மிகூட விலகவில்லை.

என் கிடார் எங்கள் ஊர் வெயிலுக்கு இரண்டு நாள் தாங்காது. மரம் விரியும், கம்பி தளரும், முடுக்க வேண்டும். இது ஒரு கோடையையும் ஒரு மழையையும் சுவரில் கழித்திருக்கிறது.

"இத யாராவது ட்யூன் பண்ணினாங்களாம்மா?" என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"அவிய போன பொறவு யாரும் தொடல சார். நான் தூசி தட்டுவேன், அம்புட்டுதான்."

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் அவர் முகம் தெளிந்திருந்தது. நான் வாயைத் திறந்தால் ஆவிப் பேச்சு திரும்ப வரும், சாயங்காலத்துக்குள் வீடு பூட்டப்படும், தையல் மிஷின் மூலையில் கிடக்கும், அந்த அம்மா மதுரையில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். கிளிப்பைக் கழற்றிப் பையில் போட்டேன். "நல்ல கிடார்" என்று மட்டும் சொன்னேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இனி விக்கல" என்றார் கிரேஸ்.

எனக்கு வருத்தமே இல்லை. சும்மா கொடுத்திருந்தாலும் அதை நான் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்க மாட்டேன்.

நான்கு நாள் கழித்து அவரிடமிருந்து போன்.

"சார், ஆறு கம்பிக்கும் பச்சை எரிஞ்சத நானும் பாத்தேன். பதினெட்டு வருசம் அவிய பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? தம்பி முன்னால சொல்லாம விட்டீங்களே... அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"பயமா இல்லையாம்மா?" என்றேன்.

"எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சோன்னுதான் சார் பயம். அது இல்லன்னு ஆயிருச்சுல்லா? பொறவு என்ன?"

இதை எழுதலாமா என்று கேட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். தம்பி படித்துவிட்டால்? "அவன் பேப்பர்ல வெங்காய வெல மட்டும்தான் சார் பாப்பான்."

கடைக்காரருக்கு அந்த சைஸ் வந்ததும் நான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். ஃபிங்கர்ஸ்டைலும் வருகிறது, ஸ்ட்ரம்மிங்கும் வருகிறது. தினமும் காலையில் முதல் வேலையாக அதில் ட்யூனரை மாட்டிப் பார்க்கிறேன்... சிவப்பு எரிந்தால்தான் எனக்குக் காபி இறங்குகிறது.