உலுக்கு அக்காவும் ஒட்டுப்போட்ட நாற்காலியும்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு உலுக்கு அக்கா என்று பெயர். காலையில் வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கமாட்டாள். நாற்காலியின் முதுகைப் பிடித்து ஓர் உலுக்கு, இருக்கையில் இரண்டு கையாலும் ஓர் அழுத்து, அப்புறம் குனிந்து அடியில் ஐந்து கால்களையும் ஒரு நோட்டம். "என்னக்கா, நாற்காலிக்கு ஜுரமா?" என்று பக்கத்து மேசைக்காரன் தினமும் கேட்பான். தினமும் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. விழுந்தவளுக்கல்லவா வலி தெரியும்!

முன்பு வேலை பார்த்த இடத்தில், பேசிக்கொண்டே உட்காரப் போனவளுக்குக் கீழே சுழல் நாற்காலியின் கால் முறிந்துவிட்டது. வால் எலும்பில் விரிசல். மாதக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடந்தாள், மகள்தான் சோறு ஊட்டினாள். "உட்காரத் தெரியாம விழுந்துட்டா" என்று அவள் கணவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரித்ததை அவள் இன்றுவரை மறக்கவில்லை. வலி ஒருவழியாகப் போயிற்று. பயம் மட்டும் அட்டையாக ஒட்டிக்கொண்டது.

இந்த அலுவலகம் சலவை மெஷின் பழுதானவர்கள் புகார் சொல்லும் இடம். நாள் முழுக்கக் காதில் மாட்டிய போன்தான். இங்கே எது உடைந்தாலும் மேலாளர் கேட்பது ஒரே கேள்வி: "கடைசியா யார் உட்கார்ந்தது?" உட்கார்ந்தவர் அவர் அறையில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அதனால் நாற்காலி கெட்டால் யாரும் மூச்சு விடமாட்டார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது அதை அடுத்தவர் இடத்துக்குத் தள்ளிவிட்டு, அவருடைய நல்ல நாற்காலியை இழுத்துக்கொள்வார்கள். இப்படித்தான் கால் வெடித்து, கறுப்பு டேப் சுற்றிய ஒரு நாற்காலி பல மாதமாக அந்தக் கூடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் காலையில் அது அவள் இடத்தில் நின்றது. உலுக்கினாள். 'ளொடக்' என்றது. அக்கம்பக்கம் பார்த்தாள், இன்னும் யாரும் வரவில்லை. ஜன்னலோர மேசைக்காரி நிறைமாதக்காரி, 'அக்கா' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், இவளுக்கும் அவள் 'தங்கச்சி'தான், பிரசவத்துக்கு லீவு போட்டு நேற்றுத்தான் விடைபெற்றுப் போயிருந்தாள். காலி இடம்தானே, யார் வந்து உட்காரப் போகிறார்கள்? நாற்காலியை அங்கே தள்ளிவிட்டு, அங்கிருந்ததை எடுத்துக்கொண்டாள்.

வேலை சூடுபிடித்திருந்த நேரத்தில் கதவு திறந்தது. தங்கச்சி!

"வீட்ல இருந்தா பைத்தியம் பிடிச்சிடும் போலிருக்கு. இன்னும் ஒரு வாரம் வர்றேன்னு சொல்லிட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டே நேரே ஜன்னலோரம் போய், இடுப்பைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள்.

அக்கா சட்டென்று எழுந்துவிட்டாள். காதில் ஒரு ஆள் விடாமல் புலம்பிக்கொண்டிருந்தான். "மெஷின் கிடுகிடுன்னு ஆடுது மேடம். ஆடி ஆடி சமையல்கட்டு வாசல் வரைக்கும் வந்துடுச்சு!" வாடிக்கையாளர் வைக்கும்முன் போனை வைக்கக்கூடாது என்பது சட்டம். அக்கா கையை ஆட்டினாள். தங்கச்சி சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டி, நன்றாகச் சாய்ந்துகொண்டாள். நாற்காலி ஒரு பக்கமாக இறங்கியது. கத்தலாமா? கத்தினால் பதறி எழுவாள், அதிலேயே விழுவாள். ஐயோ, வயிற்றில் பிள்ளை!

"கேக்குதா மேடம்? ஆடுது!"

போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். தங்கச்சியின் தோள்களை இறுக்கிப் பிடித்தாள்.

"எந்திரி. மெதுவா. என்னைப் பிடிச்சுக்கோ, கையை அதுல ஊனாதே."

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"எந்திரிடின்னா!"

எழுந்தவள் பழக்கதோஷத்தில் கைப்பிடியில் ஊன்றிவிட்டாள். 'படார்!' கால் முறிந்து நாற்காலி சரிந்தது. தங்கச்சியின் முழு பாரமும் அக்காவின் மேல் வந்து விழுந்தது. அக்கா மேசையில் இடித்துக்கொண்டு எப்படியோ நின்றுவிட்டாள். உள்ளே பிள்ளை உதைத்தது அவள் வயிற்றிலும் தெரிந்தது.

"நான்தான்டி இதை இங்க தள்ளினேன். நீ வரமாட்டேன்னு நெனச்சேன்டி" என்று அக்கா அழுதேவிட்டாள்.

தங்கச்சி முறிந்த நாற்காலியைப் பார்த்தாள். "அக்கா, நேத்து உங்க இடத்துல அதை வெச்சதே நான்தான். லீவுல போற நேரத்துல மேனேஜர் பிடிச்சுக்குவாரோன்னு பயம். நீங்கதான் உலுக்காம உட்காரவே மாட்டீங்களே, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு... இங்க உங்க நல்ல நாற்காலி இருக்குன்னு நம்பி உட்கார்ந்தேன்கா."

கோபப்படக்கூட அக்காவுக்குத் தெம்பில்லை.

சத்தம் கேட்டு மேலாளர் வந்துவிட்டார். "யார் உடைச்சது? கடைசியா யார் உட்கார்ந்தது?"

கூடத்தில் எல்லோரும் அவரவர் மேசையில் குனிந்துகொண்டார்கள். தங்கச்சியின் விரல்கள் அக்காவின் கையை நெரித்தன. வேலை போய்விடுமே என்று அக்காவுக்குப் பயம்தான். ஆனாலும் குனிந்து நாற்காலியை நிமிர்த்தினாள். முறிந்த காலை அதன் இடத்தில் முட்டுக்கொடுத்து, அவர் முன்னால் தள்ளி வைத்தாள்.

"கடைசியா இன்னும் யாரும் உட்காரலை சார்" என்றாள். "நீங்க உட்காருங்க."

மேலாளர் கறுப்பு டேப்பைப் பார்த்தார், தங்கச்சியின் வயிற்றைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்து மெதுவாக ஒரு தடவை உலுக்கிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.